குச்சியா, கொடியா, கிழங்கா: கிழங்குப் பயிருக்கு எதை நடுறது, காசை எதுல போடுறது

கேஎல்ல (கோலாலம்பூர்) நம்ம தாமான் கெபுன் கொமுனிட்டியில, அதாவது குடியிருப்புக்காரங்க சேர்ந்து போடுற பொதுத் தோட்டத்துல, மழை சீசனுக்கு முன்னாடி வருஷா வருஷம் இதே வாக்குவாதம்தான். வசூல் பண்ண கொஞ்சக் காசுல நடுறதுக்கு என்ன வாங்கலாம்னு கேட்டா ஒருத்தர் இஞ்சிக்கு பெந்தோங் (இஞ்சிக்குப் பேர் போன ஊரு) விதைதான் வேணும்பாரு, இன்னொருத்தர் எதுக்குங்க அவ்ளோ காசு, சௌகிட் பாசார்ல வாங்குற இஞ்சியே கிச்சன்ல கிடந்து முளைக்குதேம்பாரு, மரவள்ளிக்கு செர்டாங் பக்கம் போய் நல்ல வேரைட்டி குச்சி தேடலாம்னு ஒரு அணி, ரோட்டோரம் யாரோ வெட்டிப் போட்ட குச்சியே போதும்னு எதிரணி, யூடியூப்ல டிஷ்யூ கல்ச்சர் (லேப்ல கன்னு வளர்க்கிறது) பார்த்துட்டு வந்த தம்பி ஒரு பக்கம். கடைசியில எல்லாரையும் சமாதானப்படுத்தணும்னு எல்லாத்துலயும் கொஞ்சம் கொஞ்சம் வாங்கி காசைக் கரைச்சுடுறது.

என் கணக்கை நேராவே சொல்லிடுறேன். மரவள்ளிக்கு அஞ்சு காசு செலவு பண்ண வேணாம், ஆனா குச்சி பொறுக்குறதுல கறாரா இருக்கணும். கெலெடெக்குக்கு (சர்க்கரவள்ளி) ஒரே ஒரு தடவை நல்ல கொடி வாங்கிட்டு அப்புறம் நம்மளே தாய்ச்செடி வச்சுக்கணும். இஞ்சிக்குத்தான் மிச்சம் மொத்தக் காசும். சேனைக்கிழங்கு வாங்கலாமா வேணாமாங்கறது நமக்கு எவ்ளோ பொறுமை இருக்குங்கறதைப் பொறுத்தது. ஏன் இப்படின்னு ஒண்ணொண்ணா சொல்றேன், ஒத்துக்காதவங்க அடுத்த கோத்தோங் ரோயோங்ல (எல்லாரும் கூடி வேலை செய்ற நாள்) வந்து திட்டலாம்.

முதல்ல ஒரு அடிப்படை விஷயம். கத்தரி, மிளகா, வெண்டிக்கா எல்லாம் விதையில இருந்து வருது, ஒவ்வொரு விதையும் புதுச் செடி, தாய்ச்செடியைப் பிடிச்ச வைரஸ் பெரும்பாலும் விதை வழியா இறங்காது. கிழங்குல நம்ம நடுறது அதே பழைய செடியோட ஒரு துண்டு. அந்த மரத்துக்கு என்ன வயசோ, என்ன வியாதியோ, எரு போட்டு வளர்த்தாங்களா பட்டினி போட்டாங்களாங்கறது எல்லாம் அந்தத் துண்டோட சேர்ந்தே நம்ம பாத்திக்கு வந்துடும். அதனாலதான் ஒரே மண்ணு ஒரே உரம் போட்டும் பக்கத்துப் பாத்தியில கிழங்கு ரெண்டு மடங்கு வருது, நம்மள்து விரல் தண்டிக்கு நின்னுடுது. உரத்தைக் குறை சொல்றோம், மண்ணைக் குறை சொல்றோம், நட்ட துண்டை யாரும் சந்தேகப்படுறதில்ல.

இன்னொண்ணும் சேர்த்து வச்சுக்குங்க. கலரு, ருசி, மாவுத்தன்மை, கசப்பு இதெல்லாம் பெரும்பாலும் வேரைட்டி பார்த்துக்கும், நீங்க எந்தப் பாகத்தை நட்டாலும் ஆரஞ்சு கெலெடெக் ஆரஞ்சாத்தான் வரும். எத்தனை கிழங்கு, என்ன சைஸு, ஒழுங்கான உருவமா கோணலா, புழு இருக்கா அழுகல் இருக்கா, எல்லாச் செடியும் ஒரே நேரத்துல முத்துதா, இதெல்லாம்தான் நடுற துண்டு கையில இருக்கு. வேரைட்டி பேரைப் பத்தி மட்டும் ஒரு மணி நேரம் பேசுறவங்க இதைக் கொஞ்சம் கவனிக்கணும்.

மரவள்ளி

இதுலதான் எல்லாரும் ரொம்ப அலட்சியமா இருக்காங்க. ஜப்பான்காரன் காலத்துல, 1942ல இருந்து 45 வரைக்கும், அரிசி கிடைக்காம தோட்டத்துல மரவள்ளியை வச்சே உசுரைக் காப்பாத்துன கதையை தாத்தா பாட்டி வாயால கேட்டவங்க நம்மள்ல நிறையப் பேரு, அதனால எங்க சொருகுனாலும் முளைக்கிற சாமானுக்குப் போயி விதை பார்க்கணுமான்னு ஒரு நெனப்பு. முளைக்கும், அதுல சந்தேகமே இல்ல. ஆனா முளைக்கிறது வேற, கிழங்கு வைக்கிறது வேற.

ஒரே மரத்துல வெட்டுன குச்சியிலயே தரம் மாறும். நுனியில பச்சையா இருக்கிற பாகம் சீக்கிரம் காஞ்சுடும், முளைச்சாலும் நோஞ்சானா வரும். ரொம்ப அடியில கட்டையாகிப்போன பாகம் முளைக்க லேட்டாகும், சில நேரம் மொட்டே அடிபட்டிருக்கும். நடுப்பாகமும் அதுக்குக் கீழ உள்ளதும்தான் சரியான குச்சி. குச்சிங்கறது வழிக்குக் கட்டிக்கொடுத்த கட்டுச்சோறு மாதிரி, வேர் பிடிச்சு இலை விரியுற வரைக்கும் அந்தப் பயிருக்கு உள்ள இருக்கிற மாவுதான் சாப்பாடு, அது கம்மியா இருந்தா ஆரம்பமே பட்டினி. அதே காரணத்துக்குத்தான் எரு சாம்பல் எல்லாம் ஒழுங்கா போட்டு வளர்த்த மரத்துக் குச்சி, காஞ்ச மண்ணுல கிடந்த மரத்துக் குச்சியை விட நல்லா வரும், முக்கியமா பொட்டாசியம் குறைவான மண்ணுல வளர்ந்த குச்சி அடுத்த போகத்துலயும் அடி வாங்கும்.

பார்க்கிறது எப்படின்னா, பாராங்கால (வெட்டுக்கத்தி) குறுக்க ஒரு வெட்டு போடுங்க. வெட்டுன முகத்துல நடுவுல வெள்ளையா நெட்டி தெரியும், சுத்தி கட்டை வளையம் இருக்கும். நெட்டியோட அகலம் மொத்த குச்சி அகலத்துல பாதிக்கு மேல இருந்தா அது இளசு, வேணாம். பாதியோ அதுக்குக் கம்மியோ இருந்தா முத்துன குச்சி. அப்புறம் நகத்தால தோலைக் கொஞ்சம் கீறிப் பாருங்க, உள்ள பச்சையா இருந்து பால் உடனே வடிஞ்சா குச்சி இன்னும் உசுரோட இருக்கு, பால் வர யோசிச்சா இல்ல உள்ள பழுப்பா இருந்தா தூக்கிப் போட்டுடுங்க. மரத்துக்கு எட்டு மாசத்துல இருந்து ஒரு வருஷம் வயசு, குச்சி ஒரு சாண் நீளம், அதாவது 20 சென்டிமீட்டர் கிட்ட, அதுல 5ல இருந்து 7 கணு. ரோட்டோரம் வெட்டிப் போட்ட குச்சியில பாதி இந்தச் சோதனையிலயே அவுட்டாயிடும், வெயில்ல படுக்கப் போட்டு காய்ஞ்சிருக்கும்.

சரி, யார்கிட்ட வாங்குறது? இங்கதான் எனக்கு செர்டாங் அணியோட கருத்து வேறுபாடு. மார்டி, அதாங்க செர்டாங்ல இருக்கிற அரசு விவசாய ஆராய்ச்சி நிலையம், 1969ல ஆரம்பிச்சதுல இருந்து மரவள்ளியிலயும் வேரைட்டி விட்டிருக்காங்க, ஆனா ஸ்ரீ கஞ்சி எல்லாம் மாவு மில்லுக்கு உள்ளது, காலையில அவிச்சு தேங்காப்பூ சீனி தொட்டு இல்ல சம்பல் வச்சு சாப்பிடுற நமக்கு அது தேவையில்ல. அவிக்கிறதுக்கு மேடான், ஸ்ரீ பொந்தியான் இருக்கு. ஆனா பேரை வச்சு தெரியாத ஒருத்தர்கிட்ட குச்சி வாங்குறதை விட, கிழங்கை நீங்க வாயில வச்சுப் பார்த்த மரத்துல இருந்து குச்சி எடுக்கிறது எவ்வளவோ மேல். மரவள்ளியில சயனைடு விஷயம் இருக்கு, கசக்கிற ரகத்துல அதிகம், இனிப்பு ரகத்துல கம்மி, குச்சியைப் பார்த்து ரெண்டையும் பிரிச்சு சொல்லவே முடியாது. பக்கத்து வீட்டு ஆண்டி போன மாசம் அவிச்சுக் கொடுத்தாங்க, மாவா இருந்துச்சு, நார் இல்லன்னா அந்த மரத்துக் குச்சிக்கு இப்பவே சொல்லி வச்சுடுங்க.

ஊர்ல இருந்து குச்சி கொண்டு வர்ற ஐடியா யாருக்காவது இருந்தா அதை மறந்துடுங்க. மரவள்ளி தேமல் வியாதி தமிழ்நாடு கேரளாவுல ரொம்ப நாளாவே இருக்கு, அதே வகை வைரஸ் 2015ல கம்போடியாவுல தெரிய வந்து அப்புறம் வியட்நாம், தாய்லாந்துன்னு பரவுச்சு. வெள்ளை ஈ பரப்பும், ஆனா அது ஈயோட வேகத்துலதான் போகும், குச்சி லோரியில போகும். இலையில மஞ்சள் பச்சை திட்டுத் திட்டா சுருங்கி இருக்கிற மரத்துக் குச்சியை நட்டா முதல் நாள்ல இருந்தே வியாதியோட வளருற செடி, கிழங்கு கணிசமா குறைஞ்சுடும். பெர்மிட் இல்லாம செடி குச்சி கிழங்கு நடுறதுக்காகக் கொண்டு வர்றது சட்டப்படியும் குத்தம், ஏர்போர்ட் சோதனையில பிடிச்சா பாவம் பார்க்க மாட்டாங்க.

நடுற விதத்தையும் முடிச்சுடுறேன். அடி வெட்டு சாய்வா இருந்தா வேர் கூர்ப்பக்கமா கூடிடும், நேரா வட்டமா வெட்டுனா சுத்தி எல்லாப் பக்கமும் வேர் விட்டு கிழங்கு பிரிஞ்சு உட்காரும். நேரா நட்டா கிழங்கு ஆழமா போகும், மரம் காத்துக்கு நிக்கும். படுக்க வச்சு மூடுனா கிழங்கு மேலாப்புல பரவும், பிடுங்க சுலபம், ஆனா கேஎல் சாயங்கால மழைக்கும் காத்துக்கும் மரம் சாயும். நம்ம கெபுன் களிமண்ணுக்கு மேடு கட்டி கொஞ்சம் சாய்வா, பாதிக்கு மேல மண்ணுக்குள்ள போற மாதிரி நடுறதுதான் என் ஓட்டு. தலைகீழா நட்டுடாதீங்க, இலை உதிர்ந்த தழும்புக்கு மேலதான் மொட்டு இருக்கும், அதைப் பார்த்தா எது மேல்பக்கம்னு தெரியும். குச்சி உடனே நட முடியலன்னா நிழல்ல செங்குத்தா, அடிப்பக்கம் ஈரமண்ணுல படுற மாதிரி நிக்க வச்சுடுங்க.

நல்ல மரம் ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு, குச்சி பத்தலன்னா அதுக்கும் வழி இருக்கு. திருவனந்தபுரத்துல கிழங்குப் பயிருக்குன்னே 1963ல ஆரம்பிச்ச மத்திய ஆராய்ச்சி நிலையம் இருக்கு, அவங்க சொல்ற முறை ரெண்டே கணு வச்சு சின்னத் துண்டா வெட்டி நர்சரியில நெருக்கமா முளைக்க வச்சு அப்புறம் எடுத்து நடுறது. சாதாரணமா ஒரு மரத்துல இருந்து பத்து மரம்னா இதுல அதைப் போலப் பல மடங்கு எடுக்கலாம். ஆனா சின்னத் துண்டுக்கு உள்ள சேமிப்பு கம்மி, தண்ணி நிழல் எல்லாம் நம்மதான் பார்த்துக்கணும், தினம் யாராவது கெபுனுக்கு வர்ற இடத்துல மட்டும்தான் இது நடக்கும்.

கெலெடெக், அதாங்க சர்க்கரவள்ளி

இதுல ஆப்ஷன் மூணு. கடையில வாங்குன கிழங்கையே நடுறது, கிழங்கை முளைக்க வச்சு அந்தத் தளிரை எடுத்து நடுறது, ஓடுற கொடியில இருந்து வெட்டி நடுறது.

முதலாவதை விட்டுடுங்க. முழுக் கிழங்கை மண்ணுல புதைச்சா நட்ட கிழங்கே ஊதி நாராகி உட்காரும், புதுக் கிழங்கு பேருக்கு ஒண்ணு ரெண்டு. ரெண்டாவது நல்ல வழி, கொடியே கிடைக்காத பட்சத்துல. கடையில பிடிச்ச ரகம் ஒண்ணு வாங்கி ஈர மணல்ல பாதி புதைச்சு நிழல்ல வச்சா தளிர் வரும், அது ஒரு சாணுக்கு மேல வளர்ந்ததும் மண்ணுக்கு ரெண்டு விரல் மேல விட்டு வெட்டணும், பிடுங்கக்கூடாது. கிழங்குல புழுவோ அழுகலோ இருந்தா அது தளிரோட ஒட்டிக்கிட்டு வராம இருக்கிறதுக்குத்தான் அந்த ரெண்டு விரல்.

மூணாவதுதான் பெஸ்ட், அதுலயும் கொடியோட நுனி. மரவள்ளிக்கு நுனி வேணாம்னு சொன்ன அதே வாய் இங்க நுனிதான் வேணும்னு சொல்லுது, குழம்பிக்காதீங்க. மரவள்ளி குச்சி சேமிப்பை நம்பி இருக்கு, கெலெடெக் கொடி வேகத்தை நம்பி இருக்கு. நுனிக் கொடியில ஒவ்வொரு கணுவுலயும் வேர் வர்றதுக்கான முனை ஏற்கனவே உருவாகி ரெடியா இருக்கும், நல்ல உருண்ட கிழங்காகறது அந்த வேருங்கதான். பழைய அடிக்கொடியில அது காஞ்சோ அடிபட்டோ போயிருக்கும், அதனால லேட்டா வர்ற வேரு பென்சில் தண்டிக்கு நின்னுடும். நட்ட முதல் ஒரு மாசம் ஒன்றரை மாசத்துலயே எந்த வேர் கிழங்காகும்னு முடிவாயிடுது, அந்த நேரத்துல காஞ்சாலும் தண்ணி தேங்குனாலும் வேர் நாராப் போயிடும், அப்புறம் எவ்ளோ உரம் கொட்டுனாலும் இலைதான் தழைக்கும்.

அடிக்கொடியை ஒதுக்குறதுக்கு இன்னொரு பெரிய காரணம் கூன்வண்டு. எங்க கெபுன்ல மாக்சிக் (மலாய்க்கார அம்மா) ஒருத்தங்க இருக்காங்க, யாராவது கொடி கொண்டு வந்து கொடுத்தா பேசவே மாட்டாங்க, அடிப்பக்கம் தடிச்ச இடத்தை எடுத்து பிசாவால (கத்தி) நெட்டுக்க பிளந்து பார்ப்பாங்க. உள்ள பழுப்பு நிறத்துல சுரங்கம் ஓடியிருக்கும், அதுக்குள்ள சின்னதா வெள்ளைப் புழு சுருண்டு கிடக்கும். வண்டு முட்டை வைக்கிறது பெரும்பாலும் அந்த முத்துன அடித்தண்டுலயும் கிழங்குலயும்தான், நுனி 25, 30 சென்டிமீட்டர்ல அது இருக்கிற வாய்ப்பு ரொம்பக் கம்மி. புழு துளைச்ச கிழங்கு பார்க்க பாதி நல்லாத்தான் இருக்கும், ஆனா அவிச்சா கசக்கும், நாத்தம் வரும், கிழங்கே அதை எதிர்த்து ஒரு கசப்பைச் சுரக்குது, புழு இருந்த பக்கத்தை மட்டும் வெட்டிப் போட்டாலும் சரியாகாது. மருந்து எதுவும் அடிக்காம வண்டைக் குறைக்கிற வழி இந்த நுனி வெட்டுதான், கூடவே கிழங்கு பருக்கும்போது பாத்தியில விழுற வெடிப்பை மூடிக்கிட்டே இருக்கணும்.

வெட்டுன கொடியை அன்னைக்கே நட வேணாம், இலையைக் கொஞ்சம் கிள்ளிட்டு நிழல்ல ஈரச்சாக்குல ஒரு நாள் ரெண்டு நாள் வச்சா கணுவுல வேர் முனை எட்டிப் பார்க்கும், அப்ப நட்டா சீக்கிரம் பிடிக்கும். மூணு நாலு கணு மண்ணுக்குள்ள போகணும். நேரா சொருகுனா கிழங்கு எண்ணிக்கை கம்மி, சைஸ் பெருசு. படுக்கப்போட்டு மூடுனா எண்ணிக்கை கூட, ஒரே அளவா வரும். வீட்டுச் சமையலுக்கு ரெண்டாவதுதான் வசதி.

ஒரே கொடியையே போகத்துக்குப் போகம் வெட்டி நட்டுக்கிட்டே இருந்தா வைரஸ் சேர்ந்துக்கிட்டே போகும். இலையைப் பார்த்தா பெருசா ஒண்ணும் தெரியாது, ஆனா கிழங்கு ஒவ்வொரு தடவையும் இளைச்சுக்கிட்டே வரும். அதனாலதான் காசு கொடுத்து ஒரு தடவை நல்ல இடத்துக் கொடி வாங்கச் சொன்னேன். மார்டி விட்ட ஆரஞ்சு ரகம் வித்தாத்தோ வெளிய வந்து எத்தனையோ வருஷமாச்சு, அந்தக் கொடின்னு சொல்லி விக்கிறது நிறையக் கிடைக்கும், ஆனா அது எத்தனை கை மாறி வந்துச்சுன்னு கேளுங்க. வாங்குனதுல நாலு கொடியை மட்டும் தனியா பெரிய பொலிபேக்ல (செடி வளர்க்கிற பிளாஸ்டிக் பை), கெபுனை விட்டுத் தள்ளி, கிழங்குக்காக இல்லாம கொடிக்காகவே வளர்த்தா அதுதான் தாய்ச்செடி. கிழங்கு இளைக்குதுன்னு தோணுனா திரும்ப வெளிய இருந்து புதுசு வாங்கிக்கலாம்.

இஞ்சி

காசு இங்கதான்னு சொன்னேன்ல. மரவள்ளியில தப்பான குச்சி போட்டா அந்த வருஷம் கிழங்கு கம்மியாகும், அவ்ளோதான். இஞ்சியில தப்பான விதை போட்டா அந்த மண்ணே போச்சு. பாக்டீரியா வாடல்னு ஒண்ணு, ரால்ஸ்டோனியா அதோட பேரு, விதை இஞ்சிக்குள்ள வெளிய தெரியாமலே உட்கார்ந்திருக்கும், நட்டு மூணு நாலு மாசம் செடி செழிப்பா வரும், அப்புறம் மழை பேஞ்சு வெயில் அடிக்கிற ஒரு வாரத்துல இலை சுருண்டு மஞ்சளாகி தண்டு அடியில கையோட வந்துடும். அது மண்ணுல வருஷக்கணக்குல தங்கும், தக்காளி கத்தரி மிளகா குடும்பத்தையும் அந்த பாக்டீரியா வகையறா விடாது. சின்ன இடம் வச்சிருக்கிற நமக்கு இடம் மாத்தி நட வேற நிலம் எங்க இருக்கு?

அதனால பாசார் இஞ்சியா விதை இஞ்சியாங்கற சண்டையில நான் முழுசா விதை இஞ்சி பக்கம். பாசார்ல பளபளன்னு கழுவி வர்ற இறக்குமதி இஞ்சி சாப்பிடத்தான். அது எந்த ஊரு மண்ணு, எத்தனை மாசத்துல பிடுங்குனது, எவ்ளோ நாள் குளிர்ல கிடந்ததுன்னு விக்கிறவருக்கே தெரியாது. சிலது முளைக்கும், சிலது சுருங்கி அழுகும், முளைச்சதும் ஒரே நேரத்துல வராது. பெந்தோங் இஞ்சி விலை கூடத்தான், ஆனா கராக் ஹைவேல ஒரு மணி நேரம் சொச்சம் போனா விளைஞ்ச இடத்துலயே பார்த்து வாங்கலாம். அங்கயும் கண்ணை மூடிக்கிட்டு வாங்க வேணாம். சமையலுக்குப் பிடுங்குனதுல மிச்சம் விழுந்ததை விதைன்னு தள்ளிவிடுவாங்க. 9, 10 மாசம் முத்துனது, தோல் தடிச்சு ஒட்டிக்கிட்டு இருக்கணும், நகம் போட்டா சுலபமா உரியக்கூடாது, கண்ணு (முளை வர்ற மொட்டு) நல்லா புடைச்சு இருக்கணும், இலை தானா காஞ்சு சாய்ஞ்ச செடியில இருந்து எடுத்தது.

வாங்குறதுக்கு முன்னாடி ஒரு சின்ன டெஸ்ட், அங்கயே செய்யலாம். கூட ஒரு கண்ணாடி கிளாஸும் தண்ணியும் எடுத்துட்டுப் போங்க. சந்தேகமான கிழங்கு ஒண்ணை சுத்தமான கத்தியால வெட்டி, வெட்டுன முகம் தண்ணியில படுற மாதிரி ஆடாம பிடிச்சுக்கிட்டு சில நிமிஷம் பாருங்க. வியாதி இருந்தா வெட்டுன இடத்துல இருந்து பால் நிறத்துல மெல்லிசா இழை இழையா கீழ இறங்கும், கொஞ்ச நேரத்துல தண்ணியே கலங்கும். வெட்டுன முகத்துல வட்டமா பழுப்பு கோடு தெரிஞ்சாலும் வேணாம். இழை வரலன்னா நூத்துக்கு நூறு சுத்தம்னு அர்த்தமில்ல, ஆனா வந்துடுச்சுன்னா அந்தக் குவியலையே தொடாதீங்க. விக்கிறவர் முகம் சுளிப்பாரு, சுளிக்கட்டும்.

அடுத்த சண்டை துண்டு சைஸு. இந்தியாவுல சிபாரிசு பண்றது 20, 25 கிராம் துண்டு, நம்ம ஊர்ல பொலிபேக் போடுறவங்க அதை விடப் பெருசா, 50 கிராமுக்கு மேலயும் போடுவாங்க. பெரிய துண்டு வேகமா முளைக்கும், ஆரம்பத்துலயே ரெண்டு மூணு தண்டு வரும், கிழங்கும் கூட வரும், ஆனா ஒரு கிலோ விதைக்கு செடி எண்ணிக்கை பாதியாயிடும். விதை விலை இவ்ளோ இருக்கும்போது நடுவுல நிக்கிறது புத்திசாலித்தனம், ரெண்டு நல்ல கண்ணு இருக்கிற மாதிரி 30, 40 கிராம். வெட்டுனதும் நடாம சில நாள் காத்தோட்டமான நிழல்ல விட்டு வெட்டுக்காயம் காஞ்சு தோல் கட்டுனப்புறம் நடணும், ஒவ்வொரு கிழங்குக்கும் நடுவுல கத்தியை ஸ்பிரிட்ல துடைக்கணும், ஒரு வியாதிக் கிழங்கை வெட்டுன கத்தி மிச்சம் எல்லாத்தையும் கெடுத்துடும். நூற்புழு (வேரையும் கிழங்கையும் தாக்குற கண்ணுக்குத் தெரியாத புழு) பயம் இருந்தா 50 டிகிரி வெந்நீர்ல 10 நிமிஷம் ஊற வைக்கிற பழக்கம் ஹவாய் பக்கம் உண்டு, தெர்மோமீட்டர் இல்லாம கை வச்சுப் பார்த்து செஞ்சா இஞ்சி வெந்துடும், டீக்கு போட்டுக்கலாம்.

காசு ரொம்பக் கம்மியா இருந்தா ஒத்தைக் கண்ணு முறை இருக்கு. கோழிக்கோடு மசாலாப் பயிர் ஆராய்ச்சி நிலையம் சொல்ற வழி இது, 5 கிராம் கிட்ட வர்ற சின்னத் துண்டு, ஒரே ஒரு கண்ணு, ட்ரேயில கோக்கோபீட் (தேங்கா நார்த்தூள்) போட்டு முளைக்க வச்சு ஒரு மாசம் சொச்சத்துல எடுத்து நடுறது. விதைச் செலவு பெருசா குறையும், கூடவே முளைக்காததை, நோஞ்சானை ட்ரேயிலயே கழிச்சுடலாம், பாத்தியில ஓட்டை விழாது. எங்களை மாதிரி ஆளுங்களுக்கு நல்ல விதை கொஞ்சமா வாங்கி இந்த முறையில பெருக்குறதுதான் பொருத்தமா எனக்குப் படுது. மஞ்சளுக்கும் இதே முறை ஒத்துவரும். பொங்கலுக்கு பிரிக்ஃபீல்ட்ஸ்ல வாங்குற மஞ்சள் கொத்தை விதைக்கு வைக்கிறவங்களுக்கு ஒரு வார்த்தை: இலை பச்சையா இருக்கும்போதே பிடுங்குனதுன்னா கிழங்கு முத்தியிருக்காது, வச்சிருந்தா சுருங்கிடும், படையல் முடிஞ்ச கையோட தொட்டியில வச்சு வளர விட்டுடுங்க.

டிஷ்யூ கல்ச்சர் தம்பிக்கு

வியாதி இல்லாத கன்னு வேணும்னா லேப்ல வளர்த்ததுதான் பெஸ்ட், ஒத்துக்கிறேன். ஆனா ரெண்டு விஷயம் வீடியோவுல சொல்ல மாட்டாங்க. ஒண்ணு, வியாதி இல்லாத கன்னு வேற, வியாதி தாங்குற கன்னு வேற, நம்ம பழைய மண்ணுல வச்சா அதுவும் வாடும். இன்னொண்ணு, லேப்ல இருந்து வந்த இஞ்சிக் கன்னு முதல் வருஷம் கிழங்கை சின்னச் சின்ன விரலாத்தான் கொடுக்கும், அந்தக் கிழங்கை எடுத்து அடுத்த வருஷம், அதுக்கடுத்த வருஷம் நட்டாத்தான் பழைய சைஸுக்கு வரும். ஆக அது சாப்பிடுறதுக்கு இல்ல, விதை தயார் பண்றதுக்கு. புதுப் பொலிபேக், புது கோக்கோபீட், தனி இடம், ரெண்டு வருஷப் பொறுமை நாலும் இருந்தா வாங்குங்க. நமக்கு நாலுல ஒண்ணுதான் இருக்கு.

சேனையும் மிச்சமும்

சேனையில கணக்கு ரொம்ப நேரா இருக்கும், வைக்கிற துண்டு பெருசா இருந்தா எடுக்கிற கிழங்கு பெருசு. பெரிய கிழங்கு வேணும்னா அரைக் கிலோவுல இருந்து ஒரு கிலோ துண்டு, முக்கால் மீட்டருக்கு மேல இடைவெளி. 100 கிராம் துண்டும் வைக்கலாம், நெருக்கி வச்சு, ஆனா வர்றது அடுத்த வருஷத்துக்கான விதைக் கிழங்குதான். வெட்டும்போது கேக்கு வெட்டுற கணக்கா நடு மொட்டோட வளையத்துல ஒரு பங்கு ஒவ்வொரு துண்டுக்கும் வரணும், மொட்டு வளையம் இல்லாத துண்டு மாசக்கணக்குல சும்மா கிடக்கும். ஒரு கிலோவுல வெட்டாத முழுக் கிழங்கு கிடைச்சா அதுதான் ராஜா, அழுகாது, சீக்கிரமும் முளைக்கும். கடையில துண்டு போட்டு பிளாஸ்டிக் சுத்தி விக்கிறதை நடுறதுக்கு வாங்காதீங்க. பிடுங்குனதும் ரெண்டு மூணு மாசம் தூங்குற சாதி இது, முளைக்கலன்னு தோண்டித் தோண்டிப் பார்க்கிறவங்க வீட்டுக்கு ஆகாது.

கெலாடிக்கு (பெரிய சேம்பு வகை) தாய்க்கிழங்கோட தலையை ஒரு விரல் கிழங்கு, ஒரு சாண் தண்டோட வெட்டி நட்டா வேகமா வரும், பக்கக் கன்னும் நல்லதுதான், கொஞ்சம் பின்தங்கும். சேப்பங்கிழங்குக்கு 25, 30 கிராம்ல முழுசா உருண்ட பக்கக் கிழங்கு. உருளைக்கிழங்கு கேக்கவே வேணாம், நம்ம ராத்திரி சூட்டுல கிழங்கு வைக்காது, கேமரன்ல இருக்கிற சொந்தக்காரங்களுக்கு விட்டுடுங்க.

இப்ப வேலைக்கு வருவோம். அக்டோபர் மழைக்கு இஞ்சி மண்ணுல இருக்கணும்னா ஆகஸ்ட் கடைசியிலயே பெந்தோங் போயிட்டு வந்துடணும், முளைக்க வைக்க ட்ரேயில ஒரு மாசம் போயிடும், கார் யாரு எடுக்கிறான்னு இப்பவே சொல்லுங்க. மரவள்ளிக் குச்சிக்கு ஆண்டிகிட்ட நான் பேசிட்டேன், அவங்க மரம் வெட்டுற அன்னைக்கு யாராவது பாராங்கோட வந்தா போதும். கெலெடெக் கொடி இப்ப வாங்க வேணாம், நவம்பர் மழையில களிமண்ணுல தண்ணி நின்னு முதல் மாசமே வேர் கெட்டுடும், மழை கொஞ்சம் ஓய்ஞ்சதும் பாத்தியை உசரமா ஏத்திட்டு டிசம்பர்ல வாங்கிக்கலாம், மாக்சிக் கையில பிசாவோட வாசல்ல நிப்பாங்க.